உப்பும் இரத்தக் கொதிப்பும்: வியாபாரிகளுக்கு ஒரு சுகாதாரப் பாடம்



ராசா, கோலகுபு பாரு, பத்தாங் காலி, செரண்டா முதலான ஊர்களிலும், மேற்கே கோல சிலாங்கூர், தஞ்சோங் காராங் பக்கத்துத் தோட்டப்புறங்களிலும் கடை வைத்திருக்கும் நம்மவர்களில் நாற்பது வயதைத் தாண்டிய நாலு பேர் ஓரிடத்தில் கூடினால், பேச்சு வியாபாரத்தில் தொடங்கி மாத்திரையில் போய் முடிகிறது. “எனக்குப் பிரஷர், டாக்டர் சொன்னபடி நடக்கிறேன்” என்கிறார் ஒருவர். “எனக்கும்தான். ஆனால் தலை சுற்றினால் மட்டும் மாத்திரை போடுவேன்” என்கிறார் இன்னொருவர். “நான் உப்பைக் குறைத்துவிட்டேன், இனி மாத்திரை எதற்கு?” என்கிறார் மூன்றாமவர். இரண்டாமவர் பேச்சு பெரிய ஆபத்துக்கு வழி. மூன்றாமவர் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதி எது, மீதிப் பாதி ஏன் பொய் என்பதை நம்மால் இயன்ற மட்டும் விளக்கவே இதை எழுதுகிறோம்.

2023ஆம் ஆண்டில் நம் நாட்டில் நடந்த தேசிய சுகாதார ஆய்வின்படி, வயது வந்தவர்களில் 29.2 சதவீதம் பேருக்கு இரத்தக் கொதிப்பு உண்டு. பத்துப் பேரில் ஏறக்குறைய மூவர் என்று வைத்துக் கொள்ளலாம். இவர்களில் பலருக்குத் தமக்கு வியாதி இருப்பதே தெரியாது. தலைவலி, மயக்கம், கழுத்து இறுக்கம் எதுவும் இல்லாமலே பல வருஷங்கள் இது உள்ளிருந்து வேலை செய்யும். பின்பு ஒரு நாள் காலையில் கடை திறக்கப் போனவருக்கு ஒரு கையும் வாயும் கோணிக் கொள்கின்றன. அல்லது, சிறுநீரகம் பாதிக்கு மேல் கெட்டுவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொல்கிறார்கள். ஆகவே தலை சுற்றலை அடையாளமாக வைத்து மாத்திரை போடுவது, கடையில் திருட்டுப் போன பிறகு பூட்டு வாங்குவதைப் போன்றது.

இரத்தம் ஓடும் வழி

இரத்தம் தேகத்தில் சுற்றி வருகிறது என்பது இன்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த விஷயம். அதற்கான முதல் படிகளில் ஒன்றை வைத்தவர் நம் முன்னோர்களில் ஒருவர் என்பது அவ்வளவாகத் தெரியாது. டமாஸ்கஸில் பயின்று கெய்ரோவில் வைத்தியம் செய்த இப்னு அந்நஃபீஸ் என்ற அறிஞர், இருதயத்தின் வலது அறையிலிருந்து இடது அறைக்கு இரத்தம் நடுச்சுவரின் வழியே கசிந்து செல்ல முடியாது, நுரையீரலைச் சுற்றித்தான் செல்ல வேண்டும் என்று 13ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்தார். அவர் 1288ல் காலமானார். அந்தக் கையெழுத்துப் பிரதி நூற்றாண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்து, 1924ல்தான் ஜெர்மனியில் படித்துக் கொண்டிருந்த ஓர் எகிப்திய மருத்துவரின் கண்ணில் பட்டது. முழுச் சுற்றையும் விளக்கிய ஆங்கிலேயரான ஹார்வியின் நூல் வெளியானது 1628ல்.

இரத்தத்திற்கு அழுத்தம் உண்டு என்பதை அளந்து காட்டியவர் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற பாதிரியார். ஒரு குதிரையின் இரத்தக் குழாயில் கண்ணாடிக் குழலைச் செருகினார். இரத்தம் எட்டடிக்கு மேல் உயர்ந்து நின்றது. இதை அவர் 1733ல் அச்சிட்டு வெளியிட்டார். இன்று நம் கையில் சுற்றிக் காற்றடிக்கும் பட்டையை 1896ல் இத்தாலியரான ரிவா ரொச்சி அமைத்தார். 1905ல் கொரோட்கோவ் என்ற ருஷ்ய மருத்துவர், பட்டைக்குக் கீழே காதுக்குழலை வைத்துச் சத்தம் கேட்கும் முறையைக் கூறினார். இருதயம் அமுக்கும் வேளையில் உள்ள அழுத்தம் மேல் எண், தளரும் வேளையில் உள்ளது கீழ் எண். டாக்டரிடம் பார்க்கும்போது 140க்கு 90, வீட்டில் அமைதியாக இருந்து பார்க்கும்போது 135க்கு 85, இவற்றில் எந்த எண்ணாவது அந்த அளவையோ அதற்கு மேலோ தொடர்ந்து காட்டினால் இரத்தக் கொதிப்பு என்று கொள்கிறார்கள்.

இந்த அழுத்தத்தை நிர்ணயிப்பவை இரண்டு. குழாய்களில் எவ்வளவு இரத்தம் தள்ளப்படுகிறது என்பது ஒன்று. குழாய்கள் எவ்வளவு குறுகியிருக்கின்றன என்பது மற்றொன்று. உப்பு இரண்டிலும் கை வைக்கிறது.

சோடியமும் பொட்டாசியமும்

சமையல் உப்பு, சோடியமும் குளோரினும் சேர்ந்த பொருள். எடையில் ஐந்தில் இரண்டு பங்கு சோடியம். 5 கிராம் உப்பில் ஏறக்குறைய 2 கிராம் சோடியம் இருக்கும். தேகத்தில் கோடானுகோடி அணுக்கள் இருக்கின்றன. அவற்றிற்கு வெளியே உள்ள நீரில் சோடியம் மிகுதி, உள்ளே பொட்டாசியம் மிகுதி. இந்த ஏற்பாடு தானாக நிற்பதில்லை. ஒவ்வோர் அணுவின் சுவரிலும் உள்ள சிறு பொறிகள், மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுத்தபடி இரவும் பகலும் உழைக்கின்றன. நாம் சும்மா படுத்திருக்கும்போது தேகம் செலவிடும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் இந்த ஒரு வேலைக்கே போகிறது. டென்மார்க்கைச் சேர்ந்த யென்ஸ் ஸ்கூ என்பவர் 1957ல் இதைக் கண்டார். அவர் ஆராய்ந்தது நண்டின் கால் நரம்பு! கோல சிலாங்கூரில் நண்டு வாங்கும்போது நினைவு கொள்ளலாம். நாற்பது ஆண்டு கழித்து, 1997ல், அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

சோடியம் எங்கே இருக்கிறதோ அங்கே நீர் நிற்கும். ஆஸ்பத்திரியில் நரம்பில் ஏற்றும் உப்பு நீரில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு இருக்கிறது, ஏனென்றால் இரத்தத்தின் உப்புச் சமநிலை அதுதான். ஆகவே ஒருவர் தேவைக்கு மேல் 9 கிராம் உப்பைத் தேகத்தில் தங்க வைத்தால், அதோடு ஒரு லிட்டர் நீரும் தங்க வேண்டியதாகிறது. கல்யாண வீட்டுச் சாப்பாட்டுக்குப் பிறகு மறுநாள் மோதிரம் இறுகுவதும், எடை ஒரு கிலோ கூடிக் காட்டுவதும் கொழுப்பினால் அல்ல. அந்த நீரில் ஒரு பங்கு இரத்தக் குழாய்களிலும் சேர்கிறது. மூடிய குழாயில் அதிக நீர் என்றால் அழுத்தம் ஏறும்.

சிறுநீரகம் என்னும் கணக்குப்பிள்ளை

நம் கடைகளில் குண்டிக்காய் என்று சொல்கிறோமே, அதே உறுப்பு மனிதனில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 180 லிட்டர் நீரை வடிகட்டி எடுக்கிறது. அவ்வளவு நீரில் சுமார் ஒன்றரை கிலோ உப்பு போகிறது! அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் திரும்ப இரத்தத்தில் சேர்க்கப்படுகிறது. சிறுநீராக வெளியேறுவது ஒன்றரை லிட்டர் அளவே. இந்த வரவு செலவில் எவ்வளவு விட வேண்டும், எவ்வளவு வைக்க வேண்டும் என்பதில் ஒரு சதவீதப் பிழை நேர்ந்தாலும் சில நாட்களில் நிலைமை மாறிவிடும். ஆகையால்தான் இந்தக் கணக்கிற்குப் பல மேற்பார்வையாளர்கள் நியமிக்கப்பட்டிருக்கிறார்கள்.

அவர்களில் முக்கியமானது ரெனின் என்னும் சுரப்பு. ஸ்டாக்ஹோமில் டிகர்ஸ்டெட், பெர்க்மன் என்ற இருவர் 1898ல் முயலின் சிறுநீரகத்திலிருந்து எடுத்தனர். அழுத்தம் குறைந்ததாகச் சிறுநீரகம் உணர்ந்தால் ரெனினை இரத்தத்தில் விடும். அது கல்லீரலில் இருந்து வரும் ஒரு பொருளை ஆஞ்சியோடென்சின் என்பதாக மாற்றத் தொடங்குகிறது. நுரையீரலில் உள்ள நொதி அதன் கடைசிப் படியை முடித்து வைக்கிறது. இது குழாய்களை இறுக்கும், சிறுநீரகத்தின் தலைமேல் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிக்கும் ஆணை தரும். அட்ரினல், ஆல்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோனைச் சுரக்க, சோடியம் தேகத்தில் தங்குகிறது, பொட்டாசியம் வெளியேறுகிறது. ஆல்டோஸ்டிரோனைப் பிரித்தெடுத்தது 1953ல்தான். அடுத்த இரண்டாண்டுக்குள் ஒரு விநோதமான நோய் தெரிய வந்தது. அமெரிக்காவில் மிச்சிகனில் ஜெரோம் கோன் என்பவர், தசை தளர்ந்து, பொட்டாசியம் குறைந்து, இரத்தக் கொதிப்பும் சேர்ந்திருந்த ஒரு பெண்ணுக்கு அட்ரினலில் சிறு கட்டி இருப்பதை அறிந்தார். கட்டியை எடுத்ததும் அவரது அழுத்தம் சீராயிற்று. 1955ல் இதை வெளியிட்டார். பல மாத்திரைகளுக்கும் அடங்காத அழுத்தமும், இரத்தச் சோதனையில் குறைந்த பொட்டாசியமும் ஒருசேர உள்ளவர்கள் இந்தக் கோன் வியாதியைப் பற்றி டாக்டரிடம் கேட்டு வைத்தல் நலம். கேட்டால்தான் சில வேளை சோதனை நடக்கிறது.

இப்போது, உப்பு அதிகம் தின்றால் என்ன ஆகிறது? ஆரோக்கியமான சிறுநீரகம் இரண்டு மூன்று நாட்களில் மிகையை வெளியேற்றிவிடும். அதற்கும் ஒரு விலை கேட்கிறது. அழுத்தம் கொஞ்சம் ஏறினால்தான் உப்பைத் தள்ளும். வயது ஏற ஏற, சர்க்கரை வியாதி சேர, சிறுநீரகம் தளர, அதே உப்பைத் தள்ள அதிக அழுத்தம் கேட்கிறது. வருஷக்கணக்கில் இந்த விலையை இருதயமும் மூளைக் குழாய்களும் கொடுத்து வருகின்றன. இரத்தக் கொதிப்பு பல பேருக்கு ஏன் வயதோடு ஏறுகிறது என்பதில் இது ஒரு பெருங்காரணம். 1988ல் வெளியான ஓர் ஆய்வில் 32 நாடுகளில் 52 இடங்களில் பத்தாயிரம் பேரின் சிறுநீரைச் சோதித்தார்கள். பிரேசில் காட்டில் உப்பே சேர்க்காமல் வாழும் யானோமாமி மக்களுக்குச் சராசரி அழுத்தம் 95க்கு 61 அளவிலேயே இருந்தது, வயதானாலும் ஏறவில்லை. அவர்களின் வாழ்க்கையும் வேறு என்பதை மறந்துவிடக் கூடாதுதான்.

நம் அடுப்பும் அலமாரியும்

நம் நாட்டில் 2017, 2018ஆம் ஆண்டுகளில், மக்களின் 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரித்து ஓர் ஆய்வு நடந்தது. ஒருவர் ஒரு நாளைக்குச் சராசரி 7.9 கிராம் உப்பு உண்கிறார் என்று கண்டனர். உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு 5 கிராமுக்குக் கீழ், அதாவது ஒரு மட்டத் தேக்கரண்டி. உப்புச் சாடியைக் கையாளுபவர் எவரும் 7.9 கிராமை இலையில் கொட்டித் தின்பதில்லை. அது சால்னாவில், மீன் குழம்பில், ரொட்டிச் சானாய்க்கு ஊற்றும் பருப்பில், கருவாட்டில், ஊறுகாயில், பெலாச்சானில், சோயா குழம்பில் ஒளிந்து வருகிறது. ஒரு மேசைக்கரண்டி சோயாவில் மட்டும் ஏறக்குறைய 900 மில்லிகிராம் சோடியம், அதாவது இரண்டே கால் கிராம் உப்பு. அஜினோமோட்டோவிலும் சோடியம் உண்டு, உப்பை விடக் குறைவுதான். எடைக்கு எடை மூன்றில் ஒரு பங்கு அளவே. அதை இட்டு உப்பைக் குறைத்தால் லாபம், உப்பும் அதுவும் இரண்டும் இட்டால் நஷ்டம்.

செகிஞ்சான், தஞ்சோங் காராங் கரையிலிருந்து வரும் கருவாட்டை விற்பவர்கள் நாம், ஊறுகாய் ஜாடிகளை அடுக்குபவர்கள் நாம், சாப்பாட்டுக் கடை நடத்துபவர்களும் நாம். ராசாவில் இரவில் லாரி நிறுத்திச் சாப்பிடுகிறவரின் சிறுநீரகத்துக்கு என்ன வேலை வரும் என்பதை நம் சமையல்காரரின் கையில் உள்ள பிடி நிர்ணயிக்கிறது. சமையல்காரருக்கோ நாள் முழுதும் ருசி பார்த்து நாக்கு பழகிப் போய்விடுகிறது, “உப்புச் சப்பென்று இருக்கிறது” என்று அவர் இன்னும் ஒரு கரண்டி போடுவார். குறை அவரிடம் இல்லை. நாக்கு சில வாரங்களில் எதற்கும் பழகும் என்பதால் குறைக்கும்போது மெதுவாகக் குறைக்க வேண்டும். பிரிட்டனில் ரொட்டி முதலான உணவு உற்பத்தியாளர்களை அரசாங்கம் படிப்படியாகக் குறைக்கச் செய்தது. 2000ஆம் ஆண்டையொட்டி 9.5 கிராமாக இருந்த மக்களின் சராசரி உப்பு, 2011ல் 8.1 கிராமாகக் குறைந்தது. ரொட்டி வாங்கியவர்கள் பெரும்பாலும் மாற்றத்தை உணரவே இல்லை. நம் அண்டாவில் மாதத்திற்குப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் வாடிக்கையாளர் எவரும் கல்லாவில் வந்து சண்டையிட மாட்டார். புளி, எலுமிச்சை, மிளகு, சீரகம், கறிவேப்பிலை சற்றுக் கூடட்டும். கருவாட்டை இரண்டு மூன்று தண்ணீரில் ஊற வைத்து ஊற்றிவிட்டுப் பொரித்தால் கணிசமான உப்பு போய்விடும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, உப்பு விஷமல்ல என்பதையும் சொல்ல வேண்டும். இரத்தச் சோடியம் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் என்ற கணக்கில் நிற்க வேண்டும். வெயிலில் உழைத்து வியர்த்தவர் வெறும் நீரை மட்டும் மிகுதியாகக் குடித்தால் தசைகள் பிடித்துக்கொள்ளும். 1923ல் இங்கிலாந்தில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளருக்கு வந்த இந்தப் பிடிப்பை, குடிநீரில் சிறிது உப்பு சேர்த்துத் தடுக்கலாம் என்று மோஸ் என்பவர் காட்டினார். நம் சிலாங்கூரிலும் பத்து ஆராங்கில் நிலக்கரிச் சுரங்கம் இருந்தது. நம் தமிழ் மக்கள் பலர் உழைத்த அந்தச் சுரங்கம் 1960ல் மூடப்பட்டது. வெட்டுக்காட்டில் வெயிலில் அரிவாள் பிடிப்பவரின் கணக்கு வேறு, காற்றாடிக்குக் கீழே கல்லாவில் அமர்ந்திருப்பவரின் கணக்கு வேறு. முன்னவரின் உப்புச் சாப்பாட்டை அப்படியே பின்னவர் எடுத்துக் கொண்டதுதான் வம்பு.

மறந்துபோன பொட்டாசியம்

உப்பைக் குறைப்பது பாதி. பொட்டாசியத்தைக் கூட்டுவது மீதி. பொட்டாசியம் போதுமான அளவு வந்தால், சிறுநீரகத்தின் கடைசிப் பகுதியில் சோடியத்தைத் திரும்ப இழுக்கும் வாயில் தானே அடைபடுகிறது. சிறுநீர் மாத்திரை செய்யும் வேலையையே ஆகாரம் கொஞ்சம் செய்கிறது. ஒரு நாளைக்கு 3,510 மில்லிகிராமாவது வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. முருங்கைக்கீரை, பசலைக்கீரை, பருப்பு வகை, வாழைப்பழம், உருளைக்கிழங்கு, இளநீர் எல்லாம் நமக்கு எட்டும் பொருள்கள். பேரீச்சம்பழத்தில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 650 மில்லிகிராம் உண்டு. காய்கறியைக் கொதிக்க வைத்து அந்த நீரை ஊற்றிவிட்டால் பொட்டாசியமும் நீரோடு போய்விடுகிறது.

சீனாவின் வடபகுதியில் 600 கிராமங்களில் ஏறக்குறைய 21,000 பேரிடம் ஐந்து ஆண்டுகள் ஒரு சோதனை நடந்தது. பாதிக் கிராமங்களில் சாதாரண உப்பு. மீதியில் முக்கால் பங்கு சாதாரண உப்பும் கால் பங்கு பொட்டாசியம் குளோரைடும் கலந்த உப்பு. கலவை உப்பு உண்டவர்களிடையே பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. 2021ல் இந்தச் செய்தி வெளிவந்தது. 2025 ஜனவரியில் உலகச் சுகாதார நிறுவனமும் இத்தகைய உப்பை வீட்டு உபயோகத்திற்குப் பரிந்துரைத்தது. ஆனால் இங்கே ஒரு சிவப்புக் கொடி இருக்கிறது, வியாபாரிகள் கவனிக்க வேண்டும். இரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு 3.5 முதல் 5 வரை இருக்க வேண்டும். அதற்கு மேல் ஏறினால் இருதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றுவிடக்கூடும். சிறுநீரகம் கெட்டவர்களும், பெரிண்டோப்ரில், லோசார்டான், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மாத்திரைகள் உண்பவர்களும் இந்த உப்பை, இளநீரையும் கூட, டாக்டரைக் கேட்காமல் மிகுதியாகக் கொள்ளக் கூடாது. “உடம்புக்கு நல்ல உப்பு” என்று வாடிக்கையாளருக்கு எடுத்துக் கொடுக்கும் முன், அவர் என்ன மாத்திரை உண்கிறார் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

கல்சியம், மக்னீசியம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இருதயத் துடிப்புக்கும் தசைக்கும் இரண்டும் தேவை. மக்னீசியம் குறைந்தால், குறைந்த பொட்டாசியத்தை ஈடுகட்டவே முடியாது என்பதை மட்டும் நினைவில் கொள்ளலாம்.

மாத்திரைகளின் கணக்கு

அம்லோடிபின் என்ற மாத்திரையைக் கல்சியம் தடுப்பான் என்கிறார்கள். அது இரத்தக் குழாய்ச் சுவரின் தசைக்குள் கல்சியம் நுழைவதைக் குறைத்துக் குழாயை விரிக்கிறது. பால் குடிப்பதை நிறுத்த வேண்டியதில்லை, எலும்பும் கரைவதில்லை. கணுக்கால் வீங்கினால் டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களே நிறுத்திவிடாதீர்கள். ‘நீர் மாத்திரை’ சோடியத்தையும் நீரையும் வெளியேற்றும்போது பொட்டாசியத்தையும் கூடவே அனுப்புகிறது. கால் தளர்ச்சி, தசைப்பிடிப்பு, படபடப்பு கண்டால் இரத்தச் சோதனை அவசியம். ரெனின் வழியைத் தடுக்கும் மாத்திரைகளில் முதன்மையானது கேப்டோப்ரில். பிரேசில் நாட்டு விரியன் பாம்பின் விஷத்தை ஆராய்ந்ததில் அதற்கு வழி பிறந்தது. நம் பக்கத்து வைத்தியத்திற்கும் இதில் ஒரு பங்குண்டு. சர்ப்பகந்தி என்னும் மூலிகையை இரத்தக் கொதிப்புக்குக் கொடுத்துப் பார்த்த பலனை, பம்பாயைச் சேர்ந்த ரஸ்தம் ஜால் வகீல் 1949ல் பிரிட்டிஷ் இருதய மருத்துவ ஏட்டில் வெளியிட்டார். அது உலகெங்கும் பயன்பட்டது. பின்னர் மனச் சோர்வு போன்ற கேடுகளும் தெரியவே, இன்று அது பெரும்பாலும் பின்னுக்குப் போய்விட்டது.

இந்தப் பட்டியலில் சேராத சில பொருள்களைக் கவனித்தல் வேண்டும். நாள் முழுதும் நின்று கால் வலி எடுக்கும்போது வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபன் வகை மாத்திரைகள் உப்பைத் தங்க வைத்து அழுத்தத்தை ஏற்றுகின்றன. வயிற்றுப் பொருமலுக்கு நாம் விற்கும் நுரைக்கும் உப்பிலும், நீரில் கரைக்கும் மாத்திரைகளிலும் சோடியம் மிகுதி. மூட்டு வலிக்கென்று பெயர் தெரியாமல் வரும் சில ஜாமு மருந்துகளில் ஸ்டீராய்டு கலப்படம் இருப்பதாகச் சுகாதார அமைச்சு பல முறை எச்சரித்துள்ளது. அந்தச் சரக்கு சோடியத்தைத் தேக்கும், பொட்டாசியத்தைத் தள்ளும், சர்க்கரையையும் ஏற்றும். பதிவு எண் இல்லாத பொட்டலம் என்ன லாபம் தந்தாலும் அலமாரியில் வைக்கக் கூடாது என்பது நமது கருத்து.

நோன்பு மாதத்தில்

ரமலான் மாதத்தில் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. பகல் முழுதும் நீர் இல்லை, இரவில் உணவு அதிகம். சஹரில் கருவாடு, ஊறுகாய், அப்பளம் வைத்து உண்டால் பகல் பத்து மணிக்கே தாகம் வாட்டும். அதன் காரணம் இப்போது வாசகருக்குத் தெரியும். நோன்புக் கஞ்சியில் உப்பு சிறிது குறைந்தால் குறையில்லை. ஒரு நாளைக்கு ஒரு வேளை மட்டும் உண்ணும் மாத்திரையை இஃப்தாரிலோ சஹரிலோ உண்ணும்படி டாக்டர் மாற்றித் தருவார். நீர் மாத்திரையைச் சஹரில் உண்டால் பகலில் மயக்கம் வரக்கூடும். ஆதலால் நோன்பு தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்னதாகவே அரசாங்கக் கிளினிக்கில் போய் மாத்திரை நேரத்தை எழுதி வாங்கிக் கொள்ள வேண்டும். நோயாளிக்கும் பிரயாணிக்கும் மார்க்கத்தில் சலுகை உண்டு என்பது நாம் அறிந்ததே. டாக்டர் “வேண்டாம்” என்று சொன்ன பிறகும் பிடிவாதமாக நோன்பு வைத்து, மாத்திரையையும் விட்டுவிட்டுக் கடையில் உட்கார்ந்திருப்பவர்களை நாம் கண்டிருக்கிறோம். அவர்கள் தம் ஊரில் உள்ள ஆலிம்களிடம் ஒரு முறை கேட்டுத் தெளிவு பெறட்டும்.

அழுத்தம் பார்க்கும்போது, ஐந்து நிமிஷம் பேசாமல் உட்கார வேண்டும், கால்கள் தரையில் பதிய வேண்டும், கை இருதயத்தின் உயரத்தில் மேசைமேல் இருக்க வேண்டும். அரை மணி நேரத்துக்குள் காப்பி, தேத்தண்ணீர், சிகரெட் எதுவும் கூடாது. காலை கடை திறக்கும் முன் இரண்டு முறை, இரவு கடை அடைத்த பின் இரண்டு முறை என ஒரு வாரம் பார்த்து, கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி, கிளினிக்குக்குப் போகும்போது அந்தப் பக்கத்தையும் கையோடு கொண்டு செல்லுங்கள்.